ஃபைல் மூலையில் பென்சில் எழுத்து

கரண்ட் போய் அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. முதலாளியின் அறைக்கு ஜன்னல் கிடையாது. கொழும்பில் கொள்ளுப்பிட்டி ஒஃபிஸ்களில் பெரிய மனிதருக்கு ஜன்னல் இல்லாத ஏசி அறைதான் கொடுப்பார்கள், அதுதான் மரியாதை. ஏசி நின்றுவிட்டால் அது அடுப்பங்கரை.

காலை பதினொரு மணி. வெளியே காலிக்குப் போகும் வீதியில் வெயில் கொளுத்துகிறது. உள்ளே அவர் வலது கையில் ஃபோன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஃபைல்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு ஃபைல், பதினெட்டு பேர். அதில் நாலு பேர் போகவேண்டும்.

ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் நான் எழுதிய ஒரு தாள் இருந்தது. யாருக்கு என்ன வேலை தெரியும், யார் கையில் எது பிழையாய்ப் போனது, யார் போனால் எந்த வேலை நின்றுபோகும் என்று இரண்டு கிழமை உட்கார்ந்து, மின்வெட்டில் மெழுகுதிரி பிடித்து எழுதியது. அவர் அதில் ஒன்றையும் திறக்கவில்லை. அட்டையின் வலது மேல் மூலைக்கு டோர்ச் அடிப்பார். ஒரு விநாடி பார்ப்பார். வலப்பக்கம் வைத்தால் அந்த ஆள் இருக்கலாம். இடப்பக்கம் வைத்தால் வீட்டுக்கு.

"உள்ளுக்குப் பாக்க மாட்டீங்களா சேர்?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கு என்ன இருக்குமெண்டு தெரியும் மிஸ். எல்லாரும் நல்லாத்தான் வேலை செய்யினம்."

எனக்கு வந்த எரிச்சலில் அந்த டோர்ச்சைப் பிடுங்கி வெளியே எறிந்திருப்பேன், எறிய ஜன்னல் இருந்திருந்தால். எட்டாவதாக இருந்த ஃபைல் தனலெட்சுமியுடையது. அதன் மூலையைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாருடைய ஆள்?

போன கிழமை இந்தப் பக்கத்தில் எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை, "நீ அந்த ஒஃபிஸில என்னதான் வேலை செய்தனி என்டு இன்னும் எழுதவே இல்ல" என்றாள். சரி, எழுதுகிறேன்.

துறைமுகத்தில் சாமான் வந்திறங்கினால் அதற்குச் சுங்கப் பத்திரம் எழுதி வெளியே எடுத்துக் கொடுக்கும் கொம்பனி எங்களுடையது. ஆட்களை எடுப்பதும் அனுப்புவதும் என் மேசை. கிளார்க்காக நுழைந்தேன். பிறகு எச்.ஆர். மனேஜர் என்று அட்டை அடித்துத் தந்தார்கள். கதிரை மாறவில்லை, சம்பளமும் பெரிதாக மாறவில்லை, அட்டை மட்டும் மினுங்கியது. கொட்டாஞ்சேனையிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அங்கே போய் வந்தேன்.

ஃபைல் மூலையில் அவர் பார்த்த அந்தப் பென்சில் எழுத்தைத் தொடங்கியதும் நான்தான். இதை மறைத்து என்ன பிரயோசனம்?

வந்த புதிதில் ஒரு பையன் நாலு நாள் வேலைக்கு வரவில்லை. வீட்டில் ஃபோன் இல்லை. யாரைக் கேட்பது என்று முழித்துவிட்டு, அவனை வேலைக்கு அனுப்பிய கடைக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். பையனுக்கு அம்மை. அன்றைக்கே ஒவ்வொரு ஃபைல் மூலையிலும் அந்த ஆளை அனுப்பியவர் யார் என்று சின்னதாகப் பென்சிலால் எழுதினேன். ஒரு வசதிக்குத்தான்.

எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, அனுப்பியவர் இல்லாத ஃபைல் ஒன்றுகூட இல்லை. ஒருவர் முதலாளியின் மச்சானுடைய ஆள். ஒருவர் பெரிய வாடிக்கையாளரின் டிரைவருடைய மகன். ஒருவர் கோயில் தர்மகர்த்தாவின் ஆள். ஞாயிறு பேப்பரில் விளம்பரம் போடுவோம், நூறு கடிதம் வரும், இன்டர்வியூ வைப்போம். முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "ஆர் அனுப்பினது?" இரண்டாவது கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ஒருமுறை ஏதோ ஒரு பெரிய இடத்திலிருந்து ஃபோன். கூப்பிட்டவர் சிங்களத்தில் இரண்டே சொல் சொன்னார்: "அபே கெனெக்." நம்முடைய ஆள் என்று அர்த்தம். பெயர்கூடச் சொல்லவில்லை. அடுத்த நாள் ஒரு இளைஞர் வந்து உட்கார்ந்தார். ஆறு வருஷம் உட்கார்ந்தார். என்ன வேலை செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அவர் ஃபைலை யாரும் தொட்டதில்லை.

இதில் என் பங்கு இன்னொன்று உண்டு. எனக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. அனுப்பியவர் கனடாவுக்குப் போனால் மூலையில் "கனடா" என்று எழுதுவேன். ஓய்வு பெற்றால் அதையும் எழுதுவேன். செத்துப்போனால் ஒரு சின்னச் சிலுவை, இந்துவாக இருந்தால் "காலமானார்." வேலைமெனக்கெட்டு, வருஷத்துக்கு இரண்டு தரம். அந்த ஒழுங்குதான் பிறகு எல்லோருக்கும் வினையாக வந்தது.

ஐந்தாவது பிழை

தனலெட்சுமி வந்தது நான் முதலாளியோடு சண்டை பிடித்த ஒரு வருஷத்தில். சுங்கப் பத்திரங்கள் பிழையாகப் போய், கொன்டெய்னர்கள் துறைமுகத்தில் கிடந்து, வாடிக்கையாளர்கள் என் தலையில் ஏறிய வருஷம்.

"இந்த ஒரு ஆளையாவது டெஸ்ட் வச்சு எடுப்பம் சேர்" என்றேன். அலுத்துப்போய், "என்னவோ செய்யுங்கோ" என்றார்.

நானே கேள்வித்தாள் தயாரித்தேன். ஒரு பொய்யான சுங்கப் பத்திரம். அதில் வேண்டுமென்றே நாலு பிழை. பெட்டியோடு சேர்த்த நிறை, பெட்டி இல்லாத நிறையைவிடக் குறைவாக இருக்கும், அப்படி. இருபத்தேழு பேர் எழுதினார்கள். பலர் இரண்டு பிழை பிடித்தார்கள். ஒருவர் மூன்று.

மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு போர்டிங் அறையில் இருந்த பிள்ளை ஒன்று ஐந்து பிழை பிடித்திருந்தது.

ஐந்தாவதா? எடுத்துப் பார்த்தேன். கப்பல் புறப்பட்ட நாளுக்கு முந்திய நாளே கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் கவனிக்காமல் விட்ட பிழை. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் "இது எப்படி?" என்று கேட்டிருந்தாள். எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது.

இன்டர்வியூவில், ஏன் இரண்டு இடத்தில் வேலையை விட்டாய் என்று கேட்டேன்.

"நான் விடல மிஸ். ஆளைக் கொறைக்கணும்னு நிப்பாட்டிட்டாங்க. ரெண்டு எடத்துலயும் வேல சரியில்லன்னு சொல்லல. எனக்காகக் கேக்க யாரும் இல்ல, அவ்வளவுதான்."

"இங்க அப்பிடி நடக்காது" என்றேன். எவ்வளவு பெரிய வாய் எனக்கு! "இங்க உன்ட வேலைதான் உன்ட ஆள்."

அவள் ஃபைலின் மூலையை வெறுமையாக விட்டேன். அலுமாரியில் வெறும் மூலையோடு இருந்த ஒரே ஃபைல் அதுதான். அடிக்கடி எடுத்துப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பதினாலு

பிறகு சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் ஊர் முழுக்க கியூவில் நின்ற வருஷம் வந்தது. கப்பல் குறைந்தது, இறக்குமதிக்குத் தடை வந்தது, எங்களுக்கு வேலை பாதியாகிவிட்டது. ஆளைக் குறைக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு முதலாளியோடு சண்டை இல்லை.

பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், குற்றம் செய்யாத ஒருவரை நிறுத்துவதென்றால் அவரே சம்மதித்து எழுதித் தரவேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளரிடம் அனுமதி எடுக்கவேண்டும். அதனால் முதலாளி புதுக்கடைக் கோர்ட்டடியில் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் போனார். வக்கீல் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் வழி சொல்லிவிட்டார். நாலு பேரிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கு. பதினாலு பேரோடு கொஞ்சக் காலம் ஓட்டு. பிறகு உன்னை யாரும் கேட்கமாட்டார்கள்.

சட்டம் தொழிலாளியைக் காப்பாற்ற வந்தது. எங்கள் ஆட்கள் அதைப் பதினாலு வரை எண்ணுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். இதைச் சொன்னால் எனக்குக் கோபம் கூடுகிறது, விட்டுவிடுகிறேன்.

ராஜினாமாக் கடிதத்தின் மாதிரி என்னிடம் இருந்தது. பல வருஷத்துக்கு முன் நானே எழுதியது. "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்." எங்கள் கொம்பனியை விட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் ஒரே சொந்தக் காரணம்தான் இருந்தது.

"லிஸ்ட் எப்பிடிப் போடுறது சேர்?" என்று கேட்டேன்.

"ஃபைல் எல்லாத்தையும் திங்கக்கிழமை கொண்டுவாங்கோ. மூலையைப் பாத்துச் சொல்லுறன்."

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார்.

"மிஸ், வேலை தெரியாத ஒருத்தனை வைச்சிருந்தா எனக்கு மாசத்தில ஒரு சம்பளம்தான் நட்டம். ஆனா அவனை அனுப்பினா, அவனைக் கொண்டுவந்து விட்டவர் எனக்குக் கோல் எடுப்பார். அந்தக் கோலுக்குப் பிறகு அவற்ற கொன்டெய்னர் வேற கொம்பனிக்குப் போகும். கோல் வராத நாலு பேரைப் பாத்து எடுப்பம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவர் கணக்கில் அவருக்குப் பிழையே இல்லை.

என் கையெழுத்து

வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரும் பஸ் கிடைக்கும் கவலையில் முந்தியே வெளிக்கிட்டுவிட்டார்கள். தனா மட்டும் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் கதிரையை இழுத்துப்போட்டு, கிடைத்த வெளிச்சத்தில் ஒரு பத்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், லிஸ்ட் ஒண்ணு போடுறாங்களாமே. என் பேரு அதுல இருக்கா?" நிமிராமலே கேட்டாள்.

"யார் சொன்னது?"

"எனக்கு இது மூணாவது தடவ மிஸ். யாரும் சொல்லத் தேவையில்ல."

நான் அலுமாரி அறைக்குள் போனேன். அவள் ஃபைலை எடுத்தேன். வெறும் மூலை. நான் பெருமைப்பட்ட அதே மூலை. திங்கட்கிழமை டோர்ச் வெளிச்சத்தில் அதைவிடச் சுலபமாக அவருக்கு வேறெதுவும் கிடைக்காது.

பென்சிலைக் கூராக்கினேன். முதலில் ஒரு பெரிய வாடிக்கையாளரின் பெயரை எழுத நினைத்தேன். முதலாளி அவரிடமே கேட்டுவிட்டால்? கடைசியில் "ஸ்டெல்லா மிஸ்" என்று எழுதினேன். என் பெயரை.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஆளுக்காகவும் நான் முதலாளியிடம் வாய் திறந்ததில்லை. ஒரு தடவைக்காவது என் பெயர் செல்லாதா என்று நினைத்தேன். ஆனாலும் எழுதிய கை கூசியது. உன் வேலைதான் உன் ஆள் என்று சொன்ன அதே வாய்க்குச் சொந்தக்காரிதானே நானும்.

சாமியின் சிலுவை

திங்கட்கிழமை அந்த இருட்டறைக்கு மறுபடி வருகிறேன். டோர்ச் எட்டாவது ஃபைலுக்கு வந்தது.

"இது உங்கட ஆளோ? எனக்குச் சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்ல சேர்."

சிரித்தார். வலப்பக்கம் வைத்தார்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. துறைமுகத்தில் எங்களுக்காகப் பத்தொன்பது வருஷம் ஓடித்திரிந்த சைமன் அண்ணனின் மூலையில் "கனடா" என்று இருந்தது. இடப்பக்கம். இன்னொருவரை அனுப்பியவர் ஓய்வு பெற்றுவிட்டார். இடப்பக்கம். மூன்றாமவரை அனுப்பியவரோடு முதலாளிக்கே இப்போது பேச்சில்லை. அவரும் இடப்பக்கம். எல்லாம் என் அழகான கையெழுத்தில், தேடத் தேவையில்லாமல் இருந்தது.

மூன்று பேர் ஆயிற்று. மேசையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஃபைல். அது என்னுடையது. பதினெட்டு ஃபைலையும் கொண்டுவா என்றால் பதினெட்டையும் கொண்டுபோகிற ஆள் நான்.

என்னை அந்த வேலைக்கு அனுப்பியது எங்கள் பங்குச் சாமியார். ஒரு கடிதம் எழுதித் தந்தார். அவர் இறந்தபோது என் ஃபைலையும் எடுத்து, அவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால், போடவேண்டும், போட்டேன்.

டோர்ச் அந்தச் சிலுவையில் கனநேரம் நின்றது.

"சாமி செத்து எவ்வளவு காலம் மிஸ்?"

"ஒன்பது வருஷம் சேர்."

"நல்ல மனுசன்" என்றார். ஃபைலை இடப்பக்கம் வைத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுக்குக் கோபம். அவர் மட்டும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்களாம், எனக்கும் ஓய்வு வேண்டுமாம். கடைசியில், "உங்கட வேலையை உங்கட ஆள் பார்ப்பாதானே? பிள்ளை கெட்டிக்காரி போல" என்றார். அவளை அவளுடைய சம்பளத்திலேயே என் கதிரையில் உட்காரவைக்க அவருக்கு ஒரு நிமிஷம் எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் நாலு கடிதம் டைப் பண்ணினேன். மூன்று பேருக்கும் எனக்கும் ஒரே சொந்தக் காரணம். சைமன் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "என்ன காரணம் எழுதியிருக்கு மிஸ்?" என்று கேட்டார். நான் கடிதத்தை மடித்து அவர் ஃபைலுக்குள் வைத்தேன்.

அழிறப்பர்

கடைசி நாள் அலுமாரிச் சாவியைத் தனாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு ஃபைலாகச் சொல்லிக்கொடுத்தேன். தன்னுடையதை எடுத்தபோது மூலையில் என் பெயரைப் பார்த்தாள்.

"இது என்னா மிஸ்?"

சொன்னேன். ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். நன்றி சொல்வாள் என்றுதான் மனதுக்குள் நினைத்தேன், அதையும் ஒளிக்கவில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது.

"நான் டெஸ்ட் எழுதித்தானே வந்தேன் மிஸ்?"

"ஓம். அந்தப் பேப்பர் உள்ளதான் இருக்கு."

"உள்ள யாரு பாக்குறாங்க?"

என் மேசையிலிருந்த அழிறப்பரை எடுத்தாள். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். "விசரா உனக்கு? நாளைக்கு இன்னொரு லிஸ்ட் வந்தா?"

"வரட்டும் மிஸ். மொத ரெண்டு எடத்துலயும் வேலதான் போச்சு. இது இருந்தா நான் பாஸ் பண்ணுனதும் போயிரும்."

அழித்தாள். தூளை ஊதிவிட்டாள். எனக்கு அவள் மேல் அவ்வளவு ஆத்திரம். நான் வேலையை இழந்து, இவளையாவது காப்பாற்றினேன் என்று நினைத்தால், அதையும் துடைத்துவிட்டாளே! பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஒரு ஃபோன்

ஒரு வருஷத்துக்குமேல் இருக்கும். ஒரு காலை, வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது முதலாளியிடமிருந்து ஃபோன் வந்தது. சுகம் விசாரிக்கவில்லை.

"மிஸ், ஃபைல் மூலையில ஒண்டுமில்லை! எல்லாத்தையும் துடைச்சு வைச்சிருக்கிறா உங்கட பிள்ளை. கேட்டா, அது ஃபைலில இருக்கவேண்டிய விஷயம் இல்லை சேர் எண்டுறா. நான் இன்னும் ஒராளைக் குறைக்கவேணும். உங்களுக்கு எல்லாம் பாடமாயிருக்குமே. ஆர் ஆர்ட ஆள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

பாடம்தான். அந்தப் பதினாலும் இன்றைக்கும் எனக்குப் பாடம்.

"மறந்திட்டன் சேர்."

"ஒண்டுகூடவோ?"

"ஒன்டுகூட ஞாபகமில்ல."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி. தனலெட்சுமி உங்கட ஆள். அது எனக்கு ஞாபகமிருக்கு. அதை ஒருபக்கம் வைப்பம்."

நான் சும்மா இருந்தால் போதும். ஓம் என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது தடவையும் அவள் வீதியில் நிற்கமாட்டாள். கையில் மீன் செதிலோடு ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அந்தத் தூளை ஊதியது கண்ணுக்குள் வந்தது.

"இல்ல சேர்" என்றேன். "அவ என்ட ஆள் இல்ல. யார்ட ஆளும் இல்ல. டெஸ்ட் எழுதி வந்த பிள்ளை. பேப்பர் உள்ளுக்கு இருக்கு, திறந்து பாருங்க."

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மேசையிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"மிஸ், நாலு பிழை எண்டு நீங்கள் மேல எழுதியிருக்கிறியள். இவ அஞ்சு பிடிச்சிருக்கிறா?"

"ஓம் சேர். அஞ்சாவது நான் விட்ட பிழை."

மறுபடி தாள் புரண்டது. அவர் வாய்க்குள் ஏதோ வாசிப்பது கேட்டது.

"வந்து சேர்ந்த திகதி... ஓமோம்" என்றார். "இவ இருக்கட்டும்."

ஃபோனை வைக்க மறந்துவிட்டார். அடுத்த ஃபைலைத் திறப்பது கேட்டது.